லூடி சாபலின் பூஜ்யங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோச் கிரேடி எங்கள் எல்லாருடைய போனுக்கும் ஒரு தாள் அனுப்புவார். முந்தின நாள் ஆட்டத்தில் யார் எத்தனை பேரைப் பிடித்து வீழ்த்தினார்கள், யார் பந்தைப் பறித்தார்கள், எதிரணியில் பந்து எறிபவளை அவள் எறியுமுன் யார் அமுக்கினார்கள் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். அந்த வசந்தத்தில் வந்த முதல் தாளில் லூடி சாபல் என்ற பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அணியிலேயே பெரிய எண் என் பெயருக்கு நேரே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்றுவரை போகவில்லை. அந்தப் பூஜ்யமும் என் எண்ணும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்குத் தெரியும். லூடிக்கும் தெரியும். கோச்சுக்கு மட்டும் தெரியவில்லை.

எங்கள் ஊர் பிரானக், பென்சில்வேனியாவின் மேற்கு ஓரத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டு ஆளோடு ஆள் மோதும் ஆட்டம்தான். பெண்களுக்கும் ஓர் அணி உண்டு. பஸ் ஓட்டுகிறவள், ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிறவள், பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவள் என்று எல்லாரும் ஆடுவோம். பள்ளி மைதானம் காலியாக இருக்கும் வசந்த காலச் சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்டம். பார்க்க வருகிறவர்கள் எங்கள் வீட்டு ஆட்களும், அவர்கள் இழுத்துக்கொண்டு வரும் நாய்களும்தான்.

லூடி பேரங்காடியில் இறைச்சி வெட்டுகிறவள். பள்ளி முடித்த வருடமே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அந்த வெட்டுமேடைக்குப் பின்னால் போனவள், நாற்பது தாண்டியும் அங்கேயேதான் நின்றாள். இடது கைச் சுட்டுவிரலின் நுனி கிடையாது. யாராவது கேட்டால், "அந்த வாரம் கொத்துக்கறி வாங்கினியா?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவளை அணிக்குக் கொண்டுவந்தது எங்கள் பழைய கோச். கறி வாங்கப் போன இடத்தில், குளிரறையிலிருந்து மாட்டின் பின்தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு லூடி வருவதைப் பார்த்திருக்கிறாள். தரை ஈரம். வழியில் நின்ற ஒரு பையன் தெரியாமல் அவள் மீது மோதினான். பையன் விழுந்தான். லூடி ஒரு அடி கூட நகரவில்லை. "ஃபுட்பால் ஆடுவியா?" என்று கோச் கேட்டாள். "உங்களுக்கு எத்தனை பவுண்டு வேணும்னு முதல்ல சொல்லுங்க, பின்னாடி வரிசை நிக்குது" என்றாளாம் லூடி. அடுத்த வாரமே பயிற்சிக்கு வந்துவிட்டாள்.

எதிரணி பந்தை எடுக்கும்போது அவர்களை மறிக்க எங்கள் பக்கம் ஒரு முன்வரிசை குனிந்து நிற்கும். அதன் நட்ட நடுவில் நிற்பவளுக்கு மூக்கு என்று பெயர். எதிரே பந்தைத் தரையில் வைத்துப் பிடித்திருப்பவளின் மூக்கும் இவள் மூக்கும் உரசிக்கொள்ளும் தூரம் என்பதால் அந்தப் பெயர். லூடி எங்கள் மூக்கு. அவள் முதுகுக்கு நேர் பின்னால், சில அடி தள்ளி, இரண்டாம் வரிசையில் நான்.

மூக்கின் வேலையைச் சொல்கிறேன். பந்து அசைந்ததும் எதிரணியில் இரண்டு தடிச்சிகள் சேர்ந்து அவளைத் தள்ளுவார்கள். அவள் தள்ளப்படாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பேரையும் அவள் தன்மேல் வாங்கிக்கொண்டால் என்னை மறிக்க ஆள் இருக்காது. பந்தோடு ஓடி வருகிறவள் போக இடமில்லாமல் என் கைக்குள் வந்து விழுவாள். நான் அவளைத் தரையில் போடுவேன். ஒலிபெருக்கியில் என் பெயர் வரும். லூடி கும்பலுக்கு அடியில் கிடப்பாள்.

அவள் புருஷன் ஸ்டாஷ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான். "எம் பொண்டாட்டி ஆட்டத்தை நான் பூட்ஸை வச்சுத்தான் பாப்பேன். கும்பல் எந்திரிச்சா கடைசியா தெரியுற பூட்ஸ் அவளோடது" என்பான். கேலியாகத்தான் சொல்வான். ஆனால் அந்த மைதானத்தில் சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

நான் பேசத் தெரியாதவள். பத்தாம் வகுப்போடு நின்றவள், சலவைக்கூடத்தில் வேலை. ஆனால் வருடக்கணக்காக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வலது தோள் கொஞ்சம் இறங்கினால் அந்தப் பக்கம் கனம் ஏறுகிறது, பந்து இடது பக்கம் வரும். குதிகால் தரையில் பதிந்தால் ஓட்டம் இல்லை, எறியப் போகிறார்கள். அவள் திரும்பிப் பார்த்து எனக்கு எதையும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பழைய கோச் மகளோடு புளோரிடாவுக்குக் குடிபோனதும் கிரேடி வந்தார். ஒரு காலத்தில் பள்ளி அணியில் பந்து எறிந்தவர். கையில் எப்போதும் டேப், கணக்குப் போடும் தொடுதிரைப் பலகை. வந்த முதல் நாளே ஸ்டிக்கர் கொண்டுவந்தார், சின்னச் சின்னச் சிவப்புச் சுத்தியல். யாரையாவது வீழ்த்தினால் ஒன்று, எறிபவளை அமுக்கினால் இரண்டு. ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்று ஆட்டம் முடிவதற்குள் என் ஹெல்மெட் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. லூடியுடையது கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது.

அடுத்த பயிற்சியில், எல்லார் முன்னாலும், கிரேடி டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லூடி, நீ இனிமே வெளியில உக்காரு. கைலின் நடுவுல நிப்பா."

லூடி வாயில் மாட்டியிருந்த பல்லுறையைக் கழற்றினாள். "காரணம்?"

"காரணம் நான் சொல்லல, எண் சொல்லுது. மூணு ஆட்டத்துல நீ ஒருத்தரையும் தொடல."

"தொடலையா? என் மேல படுத்தவங்க எல்லாம் யாரு, என் சொந்தக்காரங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். கிரேடி சிரிக்கவில்லை. "பந்து நம்ம கோட்டுக்குப் பக்கத்துல வந்தா மட்டும் நீ உள்ள வா. அதான் கசாப்பு இருக்கே. அது அப்படியே இருக்கட்டும்."

கசாப்பு என்பது ஓர் ஆட்ட அமைப்புக்குப் பழைய கோச் லூடியின் தொழிலை நினைத்து வைத்த பெயர். எதிரணி எங்கள் எல்லைக்கோட்டை நெருங்கினால் நான் அந்த வார்த்தையைக் கத்துவேன். பின்னால் நிற்கும் ஒல்லி ஓட்டக்காரி ஒருத்தி வெளியே ஓடுவாள், கனமான ஆள் ஒருத்தி கூடுதலாக உள்ளே வருவாள். இனி அந்த ஆள் லூடி. களத்தில் தடுக்கும் பக்கத்துக்கு அழைப்புக் கொடுப்பது என் வேலை. வாழ்க்கையில் நான் குரலை உயர்த்தும் இடம் அது ஒன்றுதான்.

கைலின் கெட்டிக்காரி. இருபத்திரண்டு வயது, மின்னல் மாதிரிப் பாய்வாள். பந்து அசைந்ததும் இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். சில சமயம் எறிபவளைப் பிடித்தும்விடுவாள், கூட்டம் எழுந்து நின்று கத்தும். மற்ற சமயங்களில் அவள் விட்டுப்போன ஓட்டை வழியாக ஒரு தடிச்சி நேரே என் மேல் வருவாள், அவள் பின்னாலேயே பந்து என்னைத் தாண்டிப் போகும். நான் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்ப்பேன்.

அடுத்தடுத்த தாள்களில் என் எண் இறங்கியது. கிரேடி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லவேளை, புரிந்துகொண்டார் என்று நினைத்துப் போனேன்.

"என்ன ஓப்பல், வீட்டுல ஏதாவது பிரச்சினையா? உன் எண்ணு பாதியாயிடுச்சு."

"லூடி இல்ல கோச்."

"அதுக்கும் நீ விழுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவ... ரெண்டு பேரைப் பிடிச்சு வச்சிருப்பா. இப்ப ஒருத்தி என் மேல வர்றா."

"பிடிச்சு வைக்கிறதுக்கு எங்க கட்டம் இருக்கு, காட்டு." டேப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "உன் சிநேகிதிங்கறதால பேசுற. எனக்குப் புரியுது. ஆனா முன்வரிசையில கைலினோட எண் லூடியோடதைவிட எவ்வளவு மேல பாரு. உன் பிரச்சினை கால்ல இருக்கு. காலையில கொஞ்சம் ஓடு."

கார் வரை நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். முன்வரிசையைப் பார்ப்பதென்றால், வீழ்த்தியவள் யார் என்று பார்த்தால் போதாது. எதிரணி எங்கே ஓடப் பயப்படுகிறது என்று பார்க்க வேண்டும். யாருக்கு எதிரே இரண்டு பேரை நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவளின் சட்டை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிரணிக்குத் தெரிந்தது நம்முடைய ஆளுக்குத் தெரியவில்லையே என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடித்தது. மைதானத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் கறி வாங்கும் சாக்கில் லூடியைப் பார்க்கப் போனேன். மேடைக்கு அந்தப் பக்கம் பன்றி விலாவை வெட்டிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக வெட்டினாள்.

"கடைசி ஆட்டம் லேக் சிட்டியோட, நம்ம மைதானத்துல" என்றாள், தலை நிமிராமல். "அதோட முடிஞ்சுது. முட்டியைப் பாத்த டாக்டர், அடுத்த வருஷம்னு பேச்சே எடுக்காதன்னுட்டாரு."

"அப்படியா? எப்ப சொன்னாரு?"

"குளிர்காலத்துலயே. இந்த ஒரு சீசன் கெஞ்சி வாங்கினேன். பெஞ்சுல உக்காரவாடீ கெஞ்சினேன்?" கத்தி பலகையில் இறங்கியது. "அந்த ஒரு ஆட்டம் எனக்கு வேணும், ஓப்பல். லேக் சிட்டி நடுவுல நிக்கிறாளே அந்த பிரெண்டல், அவளும் நானும் வருஷக்கணக்கா மூஞ்சிக்கு மூஞ்சி மூச்சு விட்டிருக்கோம். அவ மதியம் என்ன சாப்பிட்டான்னு வாசனையிலயே சொல்லுவேன். கடைசி தடவை அவளைத் தள்ளிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

வரிசையில் நின்ற ஒரு கிழவர், "பொண்ணு, என் சாப்ஸ் மெல்லிசா வேணும்" என்றார்.

"கோபத்துல இருக்கேன், மாமா. இன்னிக்கு தடிசாத்தான் வரும்."

கைலினிடம் பேசிப் பாரேன், நின்று பிடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடேன் என்றேன். லூடி கத்தியைக் கீழே வைத்தாள்.

"என் இடத்துல நிக்கிறவளுக்கு நானே சொல்லிக்குடுக்கணுமா? நான் என்ன மாதா கோயில் சிலையா? அவமேல எனக்குக் கோபமில்ல. ஆனா சொல்லிக்குடுக்க மாட்டேன். போ, அடுத்த ஆளு நிக்குது."

பொட்டலத்தைச் சுற்றி, விலைச் சீட்டை ஒட்டி, என் பக்கம் தள்ளினாள். நான் கேட்டதைவிடக் கூடுதலாகவே வைத்திருந்தாள்.

லேக் சிட்டி ஆட்டம் ஜூன் மாதத்து மத்தியான வெயிலில் நடந்தது. லூடி முழுக் கவசத்தோடு ஓரத்தில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பெஞ்சில் அவள் ஹெல்மெட்டை வைக்கவும் இல்லை, தலையிலேயே இருந்தது.

முதல் பாதியில் லேக் சிட்டி ஒரே ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்ப ஆடியது. நடுவால் ஓடு. கைலின் பாய்வாள், பிரெண்டல் அவளைப் போகவிட்டுவிட்டு நிதானமாக நடந்துவந்து என் மார்பில் ஏறுவாள். பெரிய உருவம், மரியாதைக்காரி. ஒவ்வொரு முறையும் "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். மூன்று முறை எங்கள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அவ்வளவு வேகமாக ஓடியதால், கசாப்பு என்று கூப்பிட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இடைவேளையில் கிரேடி, "கைலின் ஒருத்தி மட்டும்தான் இன்னிக்கு ஆடுறா, மத்தவங்க எல்லாம் பொம்மை" என்றார். எறிபவளை அவள் ஒரு முறை பிடித்திருந்தாள். லூடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. பந்து நட்ட நடு மைதானத்தில் கிடந்தது. எங்கள் கோடு எங்கேயோ இருந்தது. பிரெண்டல் குனிந்தாள். எனக்கு முன்னால் கைலினின் ஒல்லி முதுகு, பாயத் துடித்துக்கொண்டு. அந்த முதுகைப் பார்த்ததும் என் வயிற்றிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்தது.

"கசாப்பு."

பெண்கள் திகைத்தார்கள். ஆனால் பழக்கம் பழக்கம்தான். அந்த வார்த்தை காதில் விழுந்தால் கால் தானாக ஓடும். பின்னால் நின்ற ஓட்டக்காரி வெளியே ஓடினாள். கைலின் ஒரு ஆள் தள்ளிப் பக்கவாட்டுக்குப் போனாள். லூடி உள்ளே வந்தாள், முட்டியை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல்.

என்னைத் தாண்டும்போது, "கோடு அங்க இருக்குடீ, கண்ணு தெரியலையா?" என்றாள்.

"தெரியுது. நில்லு."

ஓரத்திலிருந்து கிரேடியின் குரல் வந்தது. "ஓப்பல், பந்து எங்க இருக்குன்னு பாத்தியா? அது கோட்டுக்கிட்ட கூப்பிடுறது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் அந்த அகன்ற முதுகு குனிந்தது. பிரெண்டல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "வந்துட்டியா, சனியனே" என்று சொல்வது கேட்டது. லூடி, "மத்தியானம் வெங்காயமா?" என்றாள்.

பந்து அசைந்தது. பிரெண்டலும் பக்கத்தில் நின்றவளும் சேர்ந்து லூடியை முட்டினார்கள். முதுகு நடுங்கியது, நகரவில்லை. வலது தோள் இறங்கியது. நான் இடது பக்கம் போனேன். பந்தோடு வந்தவள் என் கைக்குள் வந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கூப்பிட்டேன். கிரேடி ஒருத்தியை அனுப்பி லூடியை வெளியே வரச் சொன்னார். வந்தவளிடம், "எனக்குக் காது கேக்கல, ஹெல்மெட் போட்டிருக்கேன்னு சொல்லு" என்றாள் லூடி. அவள் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறாள். பக்கவாட்டில் நின்ற கைலினுக்கு எதிரே இப்போது ஒரே ஒருத்திதான், இரண்டாமவள் லூடியோடு மாட்டிக்கொண்டிருந்தாள். கைலின் எறிபவளை இரண்டு தடவை அமுக்கினாள். நடுவால் ஓட முயன்று முயன்று லேக் சிட்டி விட்டுவிட்டது.

ஒரு முறை மட்டும் நீளமாக எறிந்தார்கள். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய ஓட்டக்காரியை நான் வெளியே அனுப்பியிருந்தேன். பந்து போய்ச் சேர்ந்தது, கோட்டைத் தாண்டியது. அப்படி நடக்கலாம் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். நடுவால் மூன்று போவதற்குப் பதிலாக வானத்தில் ஒன்று போகட்டும் என்று கூப்பிட்டேன். எங்கள் பெண்களும் இரண்டு முறை அவர்கள் கோட்டைத் தாண்டினார்கள், அப்படியும் எட்டவில்லை. தோற்றோம்.

கடைசி முறை பந்து எடுக்கப்பட்டபோது லூடி தள்ளினாள். அதுவரை நின்றுகொண்டு மட்டும் இருந்தவள், கைகளைப் பிரெண்டலின் மார்பில் ஊன்றி, ஒரு சத்தம் போட்டு, அவளைப் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். இரண்டாமவள் இடித்தும் நிற்கவில்லை. பிரெண்டல் உட்கார்ந்தாள், லூடி அவள் மேல் விழுந்தாள், மற்றவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். பந்து வேறெங்கோ போய்விட்டது. எல்லார் கண்ணும் அதன் பின்னால் போனது; வெளியே இருந்தவர்களில் லூடி தள்ளியதைப் பார்த்தவன் ஸ்டாஷ் ஒருவன்தான். அவன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

கை குலுக்கல் முடிந்ததும் கிரேடி எங்களை வட்டமாக நிறுத்தினார். கைலினைத் தட்டிக்கொடுத்தார், ஸ்டிக்கர் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இரண்டாம் பாதியில நல்லா ஆடின. காலையில ஓடச் சொன்னேன்ல, பாத்தியா?" சில சுத்தியல்கள் இருந்த ஸ்டிக்கர் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். "ஆனா நடுமைதானத்துல கசாப்பு கூப்பிட்டு ஆட்டத்தையே தொலைச்ச. அந்த நீள எறி உன் தலையில. அடுத்த வருஷம் அழைப்பு உன்கிட்ட இருக்காது." டேப்பைத் தேய்த்துப் பார்த்தார். "இவ்வளவு அடம்பிடிச்சு உள்ள கொண்டுவந்தியே, என்ன செஞ்சா லூடி? இதோ பாரு. பாதி ஆட்டம் உள்ள நின்னிருக்கா. ஒண்ணுகூட இல்ல."

இந்த முறை நான் கார் வரை காத்திருக்கவில்லை.

"கோச், முதல் பாதியில நடுவால எத்தனை போச்சு? அவ வந்தப்புறம் எத்தனை போச்சு? அது எந்தக் கட்டத்துல இருக்கு?"

"அது டீம் கணக்கு" என்றார். "நான் ஆள் கணக்கு பேசுறேன்." டேப்பை உறைக்குள் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் சத்தமாகப் பேசியது மட்டும்தான் அவருக்கு அதிசயமாகப் பட்டிருக்கும்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஸ்டாஷ் அடுப்பு மூட்டியிருந்தான். லூடி வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து, முட்டி மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, தான் புகைபோட்ட கொல்பாசி என்ற போலந்துச் சாசேஜை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிய ஹலுஸ்கி நிறைந்த தட்டு. லேக் சிட்டி பஸ் கிளம்பக் காத்திருந்தது. பிரெண்டல் அதிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்தாள், கேட்காமலே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"முதல் பாதியில எங்கடீ போன? உன்னை ஓரத்துல பாத்துட்டு, கால்ல அடியோ என்னமோ, இன்னிக்கு எனக்கு நல்ல நாளுன்னு நினைச்சேன்."

"என் எண்ணு சரியில்லையாம்."

"என்ன எண்ணு?"

லூடி இன்னொரு துண்டு வெட்டினாள். பிரெண்டல் மென்று விழுங்கினாள். பிறகு, "கடைசியில தள்ளினியே, அது எனக்கு நாளைக்கும் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நான் ஸ்டிக்கர் துண்டை லூடியிடம் நீட்டினேன். "இது உன்னோடது."

"அதை என் தலையில ஒட்டின, கையை வெட்டிடுவேன். நாள் பூரா சீட்டு ஒட்டுறவ நான்." ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு சிவப்புச் சுத்தியலை நகத்தால் கிள்ளி எடுத்து, கொல்பாசி சுற்றியிருந்த காகிதத்தின் மேல், எடை எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அடுத்ததைத் தட்டில் ஒட்டினாள். மூன்றாவதை ஸ்டாஷின் வழுக்கையில் ஒட்டினாள். அவன் அசையாமல் சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"கோபம் போச்சா?" என்று கேட்டாள்.

"போகல."

"எனக்கும் போகல." ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாள். "ஆனா பிரெண்டலை உக்கார வச்சேன்ல?"

"வச்ச."

மறுநாள் காலையில் தாள் வந்தது. லூடியின் பெயருக்கு நேரே என்ன இருந்தது என்று பார்க்க நான் அதைத் திறக்கவில்லை.